எண்ணூறு வயதைக் கடந்த எட்டுப் பெண்கள்

எனக்கு வயது இருபத்தைந்து. போன வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் மாலை போட்டார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள், கேசவ பிள்ளை சார் எழுந்து நின்று பேசினார். இவ்வளவும் நடந்த பிறகு அதை ஓய்வு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை குழித்துறையில் பள்ளிக்கூட வாத்தியார். முன்பெல்லாம் பாறசாலையிலிருந்து குழித்துறைக்குப் போவது பக்கத்து ஊருக்குப் போவது போலத்தான். இப்போது நடுவே எல்லை விழுந்துவிட்டது. அவர் சென்னை ராஜ்யம், நான் கேரளம். ஆட்களை இலங்கைக்கு அனுப்பி வைப்பதையே ஆறு வருடம் தொழிலாகச் செய்த நான், கடைசியில் ஐந்தாறு மைல் தள்ளி வெளி ராஜ்யத்துக்குக் குடிபோகிறேன்.

என் நாற்காலிக்குப் புதிதாக வந்திருக்கும் ராஜம்மாவும் எஸ்தரும், "சேச்சி, குறைஞ்ச காசில வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகது எப்பிடின்னு ஒரு நோட்டில எழுதித் தாருங்கோ" என்று கேட்டார்கள். நோட்டில் எழுதினால் அது அட்டவணையாகிவிடும். அட்டவணை சாரிடமே இருக்கிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தாத்தா கைநாட்டு. அப்பாவும் கைநாட்டு. அம்மாவிடம் கைநாட்டு வைக்கச் சொல்லிக்கூட யாரும் ஒரு காகிதத்தை நீட்டியதில்லை. நான் பள்ளி இறுதித் தேர்வு தேறிய வாரம் முழுவதும் அப்பா பாறசாலைச் சந்தியில் மாட்டுவண்டியை நிறுத்தி, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் என் மார்க்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்தான் கேசவ பிள்ளை சார். நெய்யாற்றின்கரையில் பயண ஏற்பாட்டு அலுவலகம் வைத்திருந்தார். "இங்கிலீஷில் எத்தனை?" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் நான் வேலையில் இருந்தேன்.

அலுவலகம் என்றால் சந்தைக்கு எதிரே ஓர் அறை. இரண்டு மேசை, ஒரு டைப்ரைட்டர், சுவரில் ரயில் கால அட்டவணை. சார் தனுஷ்கோடித் துறையில் பல வருடம் கப்பல் குமாஸ்தாவாக இருந்தவர். இலங்கைக்கு வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் பாஸ்போர்ட், விசா, தடுப்பூசிச் சான்று, ரயில், கப்பல் எல்லாம் நாங்கள் பார்த்துக் கொடுப்போம்.

சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையும் மறுப்பதென்றால் மலையாளத்தில் மறுப்பார். சம்மதிப்பதென்றால் தமிழில் சம்மதிப்பார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அதனால் அவர் வாயைத் திறந்து முதல் சொல் வந்தவுடனேயே எதிரே இருப்பவர் எழுந்து போகலாமா உட்காரலாமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவரிடம் நான் கற்றதில் பெரும்பகுதி ஒரு விண்ணப்பத்தைப் படிப்பது எப்படி என்பதுதான். மூன்று தடவை படிக்க வேண்டும். முதலில் பயணியாக. பிறகு அதிகாரியாக. மூன்றாவது தடவை, அந்தப் பயணி போகவே கூடாது என்று நினைக்கிற ஒரு விரோதியாக. மூன்றாவதில் சார் மிகவும் ரசித்து நடிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவன் கையெழுத்தில் இங்கே ஒரு சுழி, அங்கே சுழி இல்லை. இரண்டும் ஒரே ஆளா?" என்று பல்லைக் கடிப்பார்.

முதல் வருடம் நான் செய்த ஒரே பிழை 'வெள்ளம்' என்ற சொல்லால் வந்தது. எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். கண்டியில் ஒரு விடுதிக்காரருக்கு, "தங்கும் இடத்தில் வெள்ளம் தாராளமாக உண்டா?" என்று எழுதிவிட்டேன். "பயப்பட வேண்டாம், இங்கே வெள்ளம் வந்து பல வருடமாகிறது" என்று பதில் வந்தது. அதை நம்பி ஒரு குடும்பம் இரண்டு பித்தளைக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு கண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே விடுதியின் பின்னாலேயே ஊற்று. அதற்குப் பிறகு சொற்களில் நான் மிகவும் ஜாக்கிரதையாகிவிட்டேன். என்னை மீறி இனி ஒரு பிழை வெளியே போகாது என்று நினைத்தேன்.

அந்த நினைப்போடு இருந்தபோதுதான், கொல்லம் 1128 பங்குனியில், ஞானம்மாள் வந்தார்.

ஞானம்மாள் வீடு வீடாக முட்டை வாங்கி நெய்யாற்றின்கரைச் சந்தையில் விற்பவர். ஐம்பதைத் தாண்டிய வயது. எழுதப் படிக்கத் தெரியாது. பின்னால் ஆறு பெண்கள். எல்லோரும் சந்தைக்காரிகள். பூவாரிலிருந்து மீன் கொண்டு வரும் மரியம்மை, ஒற்றசேகரமங்கலத்திலிருந்து மிளகும் இஞ்சியும் கொண்டு வரும் தேவகி, மற்ற நால்வர் பாறசாலைப் பக்கத்துக்காரர்கள். ஏழு பேரும் நாலு வருடமாகச் சீட்டுப் பிடித்திருந்தார்கள்.

"சாறே, எங்களுக்கு சிலோன் காணணும்" என்றார் ஞானம்மாள்.

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"ஆரும் இல்ல."

"வேலை ஏதாவது?"

"சோலி இங்க இல்லையா? காணணும், அவ்வளவுதான். கொழும்புப் பட்டணம் காணணும், மலை காணணும், மலையிலேருந்து வெள்ளம் சாடுகது காணணும். இந்த மரியம்மைக்கு மிருகக்காட்சிச் சாலையும் காணணுமாம்."

"சிங்கம்" என்றார் மரியம்மை பின்னாலிருந்து. அவர் பேசினால் சந்தையின் மறுகோடியில் கேட்கும்.

வேலைக்கும் இல்லாமல், உறவுக்கும் இல்லாமல், கோயிலுக்கும் இல்லாமல், வெறுமே பார்ப்பதற்காகக் கடல் கடக்கிறேன் என்று எங்கள் அலுவலகத்துக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. சார் எந்த மொழியில் வாயைத் திறப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகலாம்" என்றார்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அது அவர்கள் வீட்டில் போட்ட நிபந்தனை. சித்திரை முடிவதற்குள் போனால் போகலாம், இல்லாவிட்டால் சீட்டுப் பணத்தைப் பிரித்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஏழு வீட்டிலும் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே வேலை கண்டுபிடித்திருந்தார்கள். ஞானம்மாளின் மருமகன் ஒரு கறவை மாடு பேசி, அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்.

"எனக்க சிலோன் இப்ப ஒரு தொழுத்துல நின்னு புல்லு தின்னுகிட்டு இருக்கு, மக்கா" என்று ஞானம்மாள் என்னிடம் சொன்னார். "நீதான் பாத்துக்கணும்."

இன்னொன்றும் சொன்னார்கள். இங்கிலீஷ் படித்த ஓர் ஆள் கூட வர வேண்டும், அது நானாக இருக்க வேண்டும், என் செலவு சீட்டில் சேரும். இருபத்தொரு வயதில், எங்கள் குடும்பத்தில் கடல் கடக்கப்போகும் முதல் ஆளும் நான்தான் என்று தெரிந்ததும் எனக்குத் தலை கொஞ்சம் சுற்றியது உண்மை.

குறைந்த செலவில் திட்டம் போடுவது எப்படி என்று ராஜம்மாவும் எஸ்தரும் கேட்டது இந்த இடத்துக்குத்தான். சார் சொல்வார்: பயணத்தில் நாம் அதிகமாகப் பணம் கொடுப்பது தெரியாமைக்குத்தான். எந்த ரயில் எங்கே நிற்கும் என்று தெரியாவிட்டால் நடுவில் ஒரு நாள் சத்திரத்துக்குப் போகும். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை எப்போது என்று தெரியாவிட்டால் விடுதிக்குப் போகும். கொழும்பில் சாருக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர் இருந்தார். சித்திரையில் விடுமுறை, வகுப்பறை காலி, அடுக்களையும் உண்டு. எட்டுப் பேருக்கும் அங்கே இடம் கேட்டுக் கடிதம் எழுதினோம். அரிசி, அவல், கருப்பட்டி, கருவாடு இங்கிருந்தே. மூன்றாம் வகுப்பு. பட்டணத்தில் முதல் நாள் நடை, இரண்டாம் நாள் டிராம். மூன்றாம் நாள் மலைக்கு ரயில்.

மலை ரயில்தான் சாரின் பெருமை. அருவிகளைப் பார்க்க வண்டி பேசிப் போகிறவர்கள் உண்டு. சார் ஒரு காகிதத்தில் ரயில் பாதையை வரைந்து, எந்த நிலையத்துக்கும் எந்த நிலையத்துக்கும் நடுவே ஜன்னலிலிருந்து அருவி தெரியும் என்று புள்ளி வைத்துக் கொடுத்தார். "போகும்போது இடது பக்கம் உட்கார வேண்டும். அருவிக்குத் தனியாகக் காசு கிடையாது. தப்பான பக்கம் உட்கார்ந்தால் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு போகலாம்."

திருவனந்தபுரத்தில் பாஸ்போர்ட்டுகள் சிரமமில்லாமல் கிடைத்தன. அவற்றோடு விசா விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து சென்னையிலிருந்த இலங்கை விசா அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சார் மூன்று தடவை படித்தார். பயணியாக, அதிகாரியாக, விரோதியாக. விரோதிகூட ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் சாயங்காலத் தபாலில் கட்டு அப்படியே திரும்பி வந்தது. மேலே ஒரு கடிதம். நான்தான் பிரித்தேன். இங்கிலீஷில் மிக மரியாதையாக எழுதியிருந்தது. விண்ணப்பதாரர்கள் எட்டுப் பேரும் எண்ணூறு வயதைக் கடந்தவர்களாகத் தெரிகிறது. அவர்களில் மூத்தவருக்கு எண்ணூற்று எழுபத்தெட்டு. இளையவருக்கு எண்ணூற்று நாற்பத்தாறு. இவ்வளவு நீண்ட பயணம் அவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரிவிக்கவும். மேலும் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதிகள் வேறாக இருக்கின்றன.

எண்ணூற்று நாற்பத்தாறு வயதானவள் நான்.

நான் எல்லோருக்கும் கொல்லம் ஆண்டில் பிறந்த தேதியை எழுதியிருந்தேன். 1075, 1079, 1082 என்று. சென்னையில் அப்போது 1953. எங்கள் ஊரில் அதுதான் ஆண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் அதுதான், ஜாதகத்தில் அதுதான், என் பள்ளிச் சான்றிதழிலும் அதுதான். திருவனந்தபுரத்தில் இருந்த பாஸ்போர்ட் குமாஸ்தாவும் நம்மூர்க்காரர். அவர் பேசாமல் இங்கிலீஷ் ஆண்டாக மாற்றி எழுதிவிட்டார். நான் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து விசாப் படிவம் எழுதியிருக்க வேண்டும். என் சொந்த நோட்டைப் பார்த்து எழுதினேன், என் நோட்டில் பிழை இருக்காது என்று. சாரின் மூன்று ஆட்களும் கண்டுபிடிக்காததற்குக் காரணம், பயணி, அதிகாரி, விரோதி மூன்று பேருமே திருவிதாங்கூர்க்காரர்கள்.

சார் கடிதத்தைப் படித்தார். நான் மலையாளத்துக்குக் காத்திருந்தேன். அவர் பாஸ்போர்ட்டுகளைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஒரு வெள்ளைக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"எட்டுத் தேதியையும் நீயே மாற்று. மாற்றிய பிறகு திறந்து ஒத்துப் பார்."

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். அதனால் ஆவணியிலிருந்து மார்கழி பாதிவரை பிறந்தவர்களுக்கு எண்ணூற்று இருபத்து நான்கைக் கூட்ட வேண்டும், அதற்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு எண்ணூற்று இருபத்தைந்து. தெரியாத கணக்கல்ல. ஆனாலும் அன்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். எட்டும் ஒத்துவந்தபோது சார் சொன்னார், "புதிய படிவம் எழுது. எட்டுப் பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். நாளை மாலைத் தபாலில் போனால் நேரம் உண்டு. நாளை மறுநாள் போனால் மாடுதான்."

நாளை ஹர்த்தால்.

அது எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஹர்த்தால் என்றால் பஸ் ஓடாது, சந்தை கூடாது, கடை திறக்காது. ஏழு பெண்களும் வர முடியாத ஒரு நாள் உண்டென்றால் அது நாளைதான்.

அன்று நான் நேராக ஞானம்மாளின் வீட்டுக்குப் போனேன். திண்டாடித் திண்டாடி விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் முட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எனக்கு எத்தனை வயசு எழுதியிருந்த?"

"எண்ணூற்று எழுபத்தெட்டு."

"எட்டி, எனக்கு முட்டு வலியே இப்பதான் தொடங்கியிருக்கு" என்று சொல்லி, மடியிலிருந்த முட்டை உருளும் அளவுக்குச் சிரித்தார். பிறகு எழுந்தார். பூவார்ப் பக்கம் கடைசியாகத் திரும்பிப் போகும் மீன்காரியிடம் மரியம்மைக்குச் சேதி சொல்லி அனுப்பினார். மலைப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸின் கண்டக்டரிடம் தேவகிக்கு. "நாளைக்கு வந்து சேருங்க. எப்பிடின்னு கேக்காண்டாம், வந்து சேருங்க. இல்லாட்டி சிலோன் தொழுத்துல."

மறுநாள் காலையில் பாறசாலையிலிருந்து ஞானம்மாளும் நால்வரும் நானும் நடந்தோம். ரோடு முழுவதும் ஆளில்லை, நல்ல நிழல், நடுரோட்டில் கைவீசி நடந்தோம். அமரவிளைப் பாலம் தாண்டியதும் எதிரே ஒரு ஊர்வலம். கொடியும் கோஷமுமாக இளைஞர்கள். முன்னால் வந்தவன் எங்களை நிறுத்தினான்.

"அம்மாமாரே, நீங்க எந்தப் பக்கம்? தமிழ்நாடா, திருவிதாங்கூரா?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். ஞானம்மாள் யோசிக்கவில்லை.

"நாங்க சிலோன் பக்கமாக்கும், மக்கா."

அவன் கொடியைத் தாழ்த்திவிட்டான். "சிலோனா?"

"ஓ. இந்தப் பிள்ளை எங்களுக்கு எண்ணூறு வயசு போட்டுட்டா. அதைக் குறைக்கதுக்குப் போறோம். வழி விடு லே, தபால் போயிரும்."

ஊர்வலம் முழுவதும் சிரித்தது. இரண்டு பேர் எங்களோடு ஓடி வந்து, அடுத்த வளைவில் கல் அடுக்கி வைத்திருந்தவர்களிடம், "விடுங்கடே, இது சிலோன் கட்சி" என்று சொல்லி வழி வாங்கிக் கொடுத்தார்கள்.

நெய்யாற்றின்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆற்றில் ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. அதில் எழுந்து நின்று கூப்பிட்டது மரியம்மை. பூவாரிலிருந்து ஆற்றோடு ஏறி வந்திருந்தார். "ரோட்டுக்குத்தானே ஹர்த்தால், ஆத்துக்கு உண்டா?" என்று கரையில் இறங்கும்போதே கேட்டார். தேவகி மட்டும் வரவில்லை.

அலுவலகக் கதவைப் பாதி சாத்திவிட்டு சார் காத்திருந்தார். ஞானம்மாள் கையெழுத்துப் போடுகிற இடத்தில் மை தோய்த்த பெருவிரலை வைத்து நிதானமாக உருட்டினார். மரியம்மை தன் படிவத்தை எட்டிப் பார்த்து, "மாத்தி எழுதுகதே எழுதுக, ஒரு அஞ்சாறு வயசு கூடக் குறைச்சு எழுதினா என்ன சாறே?" என்றார்.

"பற்றில்ல" என்றார் சார். முடியாது என்பது மலையாளத்தில் வந்துவிட்டது. மரியம்மை விரலை நீட்டினார்.

அதற்குள் நான் சென்னைக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதியிருந்தேன். கொல்லம் ஆண்டு என்றால் என்ன, அது எப்போது தொடங்கியது, எங்கள் நாட்டின் பெருமை, பதிவேடுகளின் முறை என்று ஒன்றரைப் பக்கம். சார் படித்து நான்காகக் கிழித்தார்.

"மூன்று வரி. தப்பு எங்களுடையது என்பது முதல் வரி. எப்படி நேர்ந்தது என்பது இரண்டாவது. என்ன வேண்டும் என்பது மூன்றாவது. இதில் உன் படிப்பு எங்கேயும் தெரியக் கூடாது."

ஆறு வருடத்தில் நான் எழுதியவற்றில் மிகக் கஷ்டமானது அந்த மூன்று வரிதான். ராஜம்மா, எஸ்தர், வேறு எதை மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தபாலுக்கு அரைமணி நேரம் இருந்தபோது தேவகி வந்தார். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து தனியாக நடந்து வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, "எங்க வைக்கணும்?" என்று கேட்டார். நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். விரலில் இஞ்சி மண் இருந்தது. ரேகை தெளிவாக விழவில்லை. கையைக் கழுவி வந்து மறுபடி வைத்தார். காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு எட்டுப் பேரும் சேர்ந்தே போனோம். தபால்காரர் முத்திரை குத்துவதை ஏழு பேரும் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார்கள்.

பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் தபால் வரும் நேரத்துக்கு ஞானம்மாள் முட்டைக் கூடையோடு வாசலில் வந்து நிற்பார். தபால்காரர் இல்லையென்று தலையை ஆட்டினால் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார். பத்தாம் நாள் மருமகன் மாட்டுக்காரனுக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னாராம். பதினோராம் நாள் கட்டு வந்தது. எட்டுப் பாஸ்போர்ட்டிலும் முத்திரை. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில், விண்ணப்பதாரர்களுக்கு இவ்வளவு விரைவில் இளமை திரும்பியது குறித்து மகிழ்ச்சி என்று பென்சிலால் எழுதியிருந்தது. நான் அதை ஞானம்மாளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் கூடையை இறக்கிவைத்து எனக்கும் சாருக்கும் தபால்காரருக்கும் ஆளுக்கு இரண்டு முட்டை கொடுத்தார்.

பஸ்ஸில் நாகர்கோவில், திருநெல்வேலி. ரயிலில் மதுரை, தனுஷ்கோடி. கப்பலில் எல்லோருக்கும் வாந்தி, மரியம்மையைத் தவிர. அவர் மேல்தட்டில் நின்றுகொண்டு மாலுமிகளுக்குக் காற்று எந்தத் திசையில் மாறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் அதிகாரி, "வேலைக்கா? உறவுக்காரரைப் பார்க்கவா?" என்று கேட்டபோது நான் இங்கிலீஷில் வாக்கியம் அமைக்கத் தொடங்கினேன். ஞானம்மாள் என்னை ஒதுக்கிவிட்டு, "காணதுக்காக்கும்" என்றார். "எதை?" "உள்ளதெல்லாம்." அவர் முத்திரை குத்திவிட்டார்.

கொழும்பில் துறைமுகத்தைச் சுற்றி நடந்தோம். கடற்கரைத் திடலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். கண்ணாடிக் கடைகளை வெளியே நின்று பார்த்தோம், உள்ளே போனால்தானே செலவு. சந்தையில் ஞானம்மாள் ஒரு சிங்கள முட்டைக்காரியோடு, ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாமல், கால்மணி நேரம் பேரம் பேசி முட்டையே வாங்காமல் திரும்பினார். "விலை கேட்டேன், சும்மா" என்றார். மிருகக்காட்சிச் சாலையில் சிங்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மரியம்மை மீன் கூவுவது போல ஒரு சத்தம் கொடுத்தார். சிங்கம் எழுந்து நின்றது. காவல்காரரும் எழுந்து நின்றார்.

மூன்றாம் நாள் மலை ரயில். அதிகாலையிலேயே போய் இடது பக்கத்து ஜன்னல்கள் நாலையும் பிடித்துவிட்டேன். என் மடியில் சார் வரைந்த காகிதம், எட்டுப் பாஸ்போர்ட், எட்டு டிக்கெட், கடிகாரம். ஒவ்வொரு நிலையமாகப் புள்ளியைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். தேயிலை மலைகளும் பனியும் வந்தன. அருவிக்கு முந்திய நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். நான் டிக்கெட்டுகளை எடுத்தேன். ஏழுதான் இருந்தன. மறுபடி எண்ணினேன். ஏழு. குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடினேன். எட்டாவது டிக்கெட் ஒரு பாஸ்போர்ட்டின் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசோதகர் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நான் நிமிர்ந்தபோது ஏழு பெண்களும் ஜன்னல்களில் முகம் வைத்து அசையாமல் இருந்தார்கள். தேவகி மலைக்காரி, தண்ணீர் விழுவதை ஆயிரம் தடவை பார்த்தவர். அவர் கன்னம் நனைந்திருந்தது. சாரலா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

வெளியே மண்மேடு ஓடிக்கொண்டிருந்தது. அருவி முடிந்துவிட்டது.

நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. நன்றாக இருந்ததா என்று மட்டும் கேட்டேன். ஞானம்மாள் என்னைப் பார்த்தார்.

"நீ காணல இல்லையா?"

"டிக்கெட் பார்த்தேன்."

மலைமேல் ஒரு நாள் இருந்தோம். மறுநாள் காலை அதே பாதையில் திரும்பும்போது, இனி வலது பக்கம் உட்கார வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே ஏழு பேரும் அங்கே இடம் பிடித்திருந்தார்கள். ஒரு ஜன்னல் மட்டும் காலி. ஞானம்மாள் என் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தார்.

"கடுதாசி எல்லாம் இங்க தா."

"பரிசோதகர் வந்தால்..."

"வரட்டு. எட்டு எண்ண எனக்குத் தெரியும். முட்டைக்காரியாக்கும் நான்."

பாஸ்போர்ட், டிக்கெட், சாரின் வரைபடம், என் கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கித் தன் மடியில் வைத்து, மேலே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். ரயில் ஒரு வளைவில் திரும்பியது. முதலில் சத்தம் கேட்டது. பிறகு மலையின் பாதியிலிருந்து வெள்ளையாக, அகலமாக, அவசரமே இல்லாமல் அது இறங்கி வந்தது. எவ்வளவு நேரம் தெரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடிகாரம் என்னிடம் இல்லை.